மக்கும் பை, காகித உறை, முக்கோண முத்திரை: தூக்கிப் போட்ட பிறகு எங்கே போகின்றன?

#1 தராசு எழுதியது:

பொருளோடு உறையையும் பார்த்து வாங்குகிறவர்கள் கூடிவருகிறார்கள். நல்லதுதான். ஆனால் பெரும்பாலானோர் பார்ப்பது மூன்று அடையாளங்களை: முக்கோண அம்புக்குறி, "மக்கும்" என்ற சொல், காகிதத்தின் பழுப்பு நிறம். கையை விட்டுப் போன பிறகு அந்த உறைக்கு என்ன ஆகும் என்பதை இந்த மூன்றில் ஒன்றுகூடச் சொல்வதில்லை என்பது என் கருத்து.

கேயர், ஜாம்பெக், லா ஆகிய மூவரும் 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் கழிவாகிவிட்டது. அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம். மிச்சம் 79 சதவீதம் குப்பைமேட்டிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

எந்த உறை உண்மையில் திரும்பி வருகிறது, எது வராது, ஏன்? வாங்குகிறவர்களின் அக்கறையை மட்டும் நம்பி இந்த 9-ஐ உயர்த்த முடியுமா? துறை தெரிந்தவர்கள் எண்ணோடும் காரணத்தோடும் எழுதுங்கள்.

#2 உருகுநிலை எழுதியது:

முக்கோணத்திலிருந்து தொடங்குகிறேன். 1 முதல் 7 வரையான எண்களை அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் 1988-ல் கொண்டுவந்தது. இது எந்த ரெசின், அதாவது எந்த வகைப் பிளாஸ்டிக், என்று பிரிப்பவருக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. மறுசுழற்சி ஆகும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. அம்புக்குறியைப் பார்த்து எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்டதால்தான் 2013-ல் அந்தத் தரநிலையில் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள். பழைய அச்சுகள் மாறாததால் அம்பு இன்னும் கண்ணில் படுகிறது.

ஒரே எண் இருந்தால் ஒரே கதி என்றும் நினைக்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் தட்டும் இரண்டும் 1, அதாவது பெட் என்ற பிளாஸ்டிக். பாட்டில் பெட்டுக்கு மூலக்கூறுச் சங்கிலி நீளம், அது திரும்பவும் பாட்டிலாகும். தட்டு அரைக்கும்போது நொறுங்கித் தூளாகும், பல தட்டுகளில் உள்பக்கம் பாலித்தீன் படலமும் ஒட்டியிருக்கும். அதனால் பல ஆலைகள் பாட்டிலை மட்டும் எடுத்துத் தட்டைத் தள்ளிவிடும்.

பெட் ஆலையில் நடப்பது இதுதான். கட்டுகளைப் பிரித்து, லேபிளைச் சுரண்டி, அகச்சிவப்பு உணரியால் தரம் பிரித்து, 8 முதல் 12 மில்லிமீட்டர் துகள்களாக வெட்டி, 80 டிகிரிக்கு மேல் சூடான காஸ்டிக் சோடா நீரில் அலசி, மிதப்பதையும் மூழ்குவதையும் பிரித்து, உலர்த்தி, 270-280 டிகிரியில் உருக்குவார்கள். இந்த வரிசையில் கெடுதல் நுழையும் இடங்கள்:

பிவிசி. பெட் உருகும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடும். அது பெட் சங்கிலிகளை வெட்டும், மஞ்சளாக்கும், கரும்புள்ளி போடும். ஒரு டன் துகளில் 100 கிராம் பிவிசி கலந்தாலே தரம் கெட்டுவிடும். இரண்டும் தண்ணீரில் மூழ்குபவை என்பதால் தொட்டியிலும் பிரியாது.

முழுச்சட்டை லேபிள். பாட்டிலைக் கழுத்துவரை மூடினால் உணரி லேபிளின் ரெசினைத்தான் படிக்கும், பாட்டிலை அல்ல. அந்தச் சட்டை பெட்-ஜி எனும், பெட்டை விடக் குறைந்த சூட்டில் இளகும் வகையாக இருந்தால் இன்னும் மோசம்: உலர்த்தியில் முதலில் இளகி, துகள்களைக் கட்டியாக்கிக் குழாயை அடைத்துவிடும்.

கருப்பு நிறம். கார்பன் பிளாக் எனும் கரி நிறமி சேர்த்த தட்டு அகச்சிவப்பை விழுங்கிவிடும். உணரிக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது.

ஈரம். உருக்கும் முன் துகளில் ஈரப்பதம் 50 பிபிஎம்-க்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் நீரே சங்கிலியை அறுத்துவிடும்.

இதில் மூன்று கோளாறுகள் உறையை வரைகிற மேசையிலேயே தீர்ந்துவிடக்கூடியவை. வாங்குகிறவர் எவ்வளவு சுத்தமாகக் கழுவிப் போட்டாலும் கருப்புத் தட்டு கருப்புத் தட்டுதான்.

#3 உரக்குழி எழுதியது:

தராசு ஐயா, "மக்கும்" பற்றி நான் சொல்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வெப்பநிலையும் கால அளவும் இல்லையென்றால் அது விளம்பரம் மட்டுமே.

மக்கும் உறைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 13432 கேட்பது: கரிமப் பொருளில் 90 சதவீதம் 6 மாதத்துக்குள் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். 12 வாரத்துக்குப் பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. இவற்றோடு கன உலோக வரம்பும் செடி வளர்ச்சிச் சோதனையும் உண்டு. இதெல்லாம் தொழில்முறை உரக்கூடத்தின் சூட்டில், அதாவது 58 டிகிரி அளவில் செய்யும் சோதனை.

அந்த எண் முக்கியம். மக்கும் பிளாஸ்டிக் வகையான பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) இளகத் தொடங்குவது 55-60 டிகிரியில். அதற்குக் கீழே அதன் சங்கிலிகள் இறுகிக் கிடக்கும். நீர் உள்ளே போய் அவற்றைச் சின்னத் துண்டுகளாக வெட்டினால்தான் நுண்ணுயிர் தின்னும். வீட்டுத் தொட்டியின் 25-30 டிகிரியில் பிஎல்ஏ கோப்பை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். கடலில் சொல்லவே வேண்டாம். வீட்டு உரத்துக்கான தனி வரையறை வேறு: ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 5810, பிரான்சின் என்எஃப் டி 51-800. அவை 20-30 டிகிரியில் 12 மாதத்துக்குள் 90 சதவீதம் கேட்கின்றன. முத்திரையில் "வீட்டு உரம்" என்று தனியாக இல்லையென்றால் வீட்டுத் தொட்டியில் போடாதீர்கள்.

ஆக்ஸோ-டிகிரேடபிள் என்று வருவது இதில் எதுவும் இல்லை. சாதாரணப் பாலித்தீனில் உலோக உப்பைச் சேர்த்து வெயிலில் நொறுங்க வைக்கிறார்கள். பை கண்ணுக்கு மறையும், துகள் மண்ணில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ன் உத்தரவால் அதைத் தடைசெய்து 2021 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது மிகச் சரியான முடிவு.

மக்கும் பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உணவுக் கழிவோடு சேர்ந்தே போகும் பொருளுக்கு அதுதான் சரி: சமையலறைக் கழிவுத் தொட்டியின் உட்பை, தேயிலைப் பொட்டலம், பழத்தில் ஒட்டும் சீட்டு. பழச்சீட்டு சாதாரண பிளாஸ்டிக்கில் இருந்தால் உரத்தைச் சலிக்கும்போது அத்தனை சீட்டையும் பிரிக்க முடியாது. அதே பிஎல்ஏ-வில் தண்ணீர் பாட்டில் செய்வது தவறான இடம். அது பெட் கட்டுக்குள் நுழைந்து உருக்கும்போது கெடுக்கும்.

#4 உருகுநிலை எழுதியது:

> அது பெட் கட்டுக்குள் நுழைந்து உருக்கும்போது கெடுக்கும்

ஆமாம். பிஎல்ஏ அடர்த்தி 1.24. பெட்டோடு சேர்ந்து மூழ்கும். உலர்த்தியின் 160 டிகிரியிலேயே இளகி ஒட்டத் தொடங்கிவிடும்.

#5 கூழ்த்தொட்டி எழுதியது:

பழுப்பு நிறத்துக்கு வருவோம். காகிதம் கூழாகிறது என்பது உண்மை. அதன் மேல் பூசியது கூழாவதில்லை. காகிதக் கோப்பையின் உள்ளே பாலித்தீன் பூச்சு இருக்கிறது, எடையில் சுமார் 5 சதவீதம். சாதாரண அட்டை கரையும் நேரத்தில் அது கரையாது. கூழ்த்தொட்டியில் அதிக நேரம் சுற்றவைத்து, படலத்தைச் சல்லடையில் தனியே எடுக்கும் ஆலைக்குப் போனால்தான் நார் கிடைக்கும். மற்ற ஆலையில் அது கழிவு.

எண்ணெய் ஊறாத காகிதத் தட்டும் பெட்டியும் இன்னொரு சங்கதி. எண்ணெய் ஏன் ஊறவில்லை என்று கேட்க வேண்டும். நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தது பிஎஃப்ஏஎஸ் எனும் புளோரின் சேர்மங்கள். அவை உரத்தில் போனாலும் சிதையாது. அதனால்தான் உரச் சான்றிதழ் தரும் சில அமைப்புகள் மொத்த புளோரின் 100 பிபிஎம்-க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தன. நார்த்தட்டு வாங்குகிறவர்கள் புளோரின் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

#6 வாசல் எழுதியது:

தராசு கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அக்கறை இருக்கிறது, நடத்தை மாறவில்லை என்பது இந்தத் துறையில் பல காலமாகத் தெரிந்த இடைவெளி. அதற்குக் காரணம் மனிதர்களின் பாசாங்கு என்று முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. உறையே அவர்களைத் தவறாக வழிநடத்துகிறது.

சோகொலோவா, கிருஷ்ணா, டோரிங் மூவரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரே பிளாஸ்டிக் உறை. ஒன்றின் மேல் கூடுதலாகக் காகிதம் சுற்றியிருக்கிறது. பொருள் கூடியிருக்கிறது, கழிவும் கூடியிருக்கிறது. மக்கள் காகிதம் சுற்றியதைத்தான் சூழலுக்கு நல்லது என்று மதிப்பிட்டார்கள். கேட்லின், வாங் இருவரின் 2013 ஆய்வு இன்னொரு பக்கம்: பக்கத்தில் மறுசுழற்சித் தொட்டி இருந்தால் மக்கள் கூடுதலாகக் காகிதம் செலவழித்தார்கள். தொட்டி இருக்கிறதே என்ற நிம்மதி, கை தாராளமாகிவிட்டது.

எது வேலை செய்தது? கட்டணம். அயர்லாந்து 2002-ல் ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டது, பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. தள்ளுபடியால் அதே விளைவு வராது. டாட்டியானா ஹொமோனாஃப் அமெரிக்கக் கடைகளில் ஒப்பிட்டபோது, பைக்கு 5 சென்ட் கட்டணம் வாங்கிய இடத்தில் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சென்ட் தருகிறோம் என்ற இடத்தில் ஏறக்குறைய எதுவும் மாறவில்லை. தொகை ஒன்றுதான். கையிலிருந்து போவது உறைக்கிறது, வருவது உறைப்பதில்லை. கடை நடத்துகிறவர்கள் "சொந்தக் கோப்பைக்குத் தள்ளுபடி" என்று பலகை வைப்பதற்குப் பதில், பானத்தின் விலையைக் குறைத்துக் கோப்பையைத் தனி வரியாக ரசீதில் காட்டினால் பலன் இருக்கும்.

#7 தராசு எழுதியது:

வாசல் அக்கா, கட்டணம் பையைக் குறைத்தது சரி. ஆனால் பலர் அதற்குப் பதிலாகத் துணிப்பை வாங்கிக் குவிக்கிறார்கள். டென்மார்க் ஆய்வில் ஒரு பருத்திப் பையை 7,100 முறை பயன்படுத்த வேண்டும் என்று வந்ததே?

#8 வாசல் எழுதியது:

அந்த எண்ணைப் பாதியில் நிறுத்தி மேற்கோள் காட்டுகிறார்கள். 2018-ன் டென்மார்க் அறிக்கையில் 7,100 என்பது எல்லாச் சூழல் அளவுகளையும் சேர்த்துப் பார்த்து, அதில் மிக மோசமானதை எடுத்தால் வருவது. அங்கே எண்ணை இழுத்துப்போவது ஓசோன் படலத்துக்கு ஆகும் பாதிப்பின் அளவு. காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் அதே பருத்திப் பைக்கு 52 முறை. ஒப்பிடுவது ஒருமுறை வாங்கி, பிறகு குப்பைப் பையாகப் பயன்படும் மெல்லிய பாலித்தீன் பையோடு. அந்தக் கணக்கு கடலில் சேரும் குப்பையை அளக்கவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் துணிப்பையைக் கிழியும்வரை எடுத்துப் போகலாம். அன்பளிப்பாகப் புதிது புதிதாகக் கொடுப்பதுதான் நிறுத்தப்பட வேண்டியது.

#9 சுழல்வட்டம் எழுதியது:

திரும்பப் பயன்படுத்தும் கலன்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. திட்டம் தொடங்குகிறவர்கள் முதலில் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உறுதியான கலன் ஒன்றைச் செய்வதன் பாதிப்பு 10 அலகு, ஒருமுறைக் கலனின் பாதிப்பு 1 அலகு, ஒரு தடவை கழுவி ஏற்றி இறக்குவதற்கு 0.4 அலகு என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மிச்சமாவது 1 − 0.4 = 0.6. 10-ஐ 0.6-ஆல் வகுத்தால் 16.7. அதாவது 17 சுற்று ஓடிய பிறகுதான் லாபம்.

இப்போது திரும்பி வரும் விகிதம். ஒவ்வொரு சுற்றிலும் 90 சதவீதம் திரும்பினால் ஒரு கலனின் சராசரி ஆயுள் 1 ÷ (1 − 0.9) = 10 சுற்று. 17-க்கு எட்டவில்லை! 90 சதவீதம் என்று கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தக் கலன் ஒருமுறைக் கலனை விட மோசம். 95 சதவீதம் வந்தால் 20 சுற்று, தேறிவிடும். 90-க்கும் 95-க்கும் நடுவில்தான் மொத்தத் திட்டமும் நிற்கிறது. இதைக் கவனிக்காமல் அழகான கனத்த கலனை வடிவமைத்துத் தோற்பவர்கள் அதிகம்.

திரும்பும் விகிதத்தை உயர்த்துவது வைப்புத்தொகை, அதாவது வாங்கும்போது கட்டி, கலனைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் பணம். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பாட்டிலுக்கும் வைப்புத்தொகை உண்டு, அந்தப் பாட்டில்களில் ஏறத்தாழ எல்லாமே திரும்புகின்றன. அங்கு மறுநிரப்புக் கண்ணாடிப் பாட்டில் 50 சுற்று வரை ஓடும். கண்ணாடியைச் சுமார் 80 டிகிரி காரநீரில் கழுவலாம். மறுநிரப்பு பெட்டை 60 டிகிரியைத் தாண்டவிட்டால் சுருங்கும், அதனால் நிரப்பும் அளவே மாறிவிடும். எல்லா நிறுவனமும் ஒரே வடிவப் பாட்டிலைப் பகிர்ந்தால் வெற்றுப் பாட்டிலை ஏற்றிச் செல்லும் தூரம் குறையும், மேலே சொன்ன 0.4-உம் குறையும்.

#10 பட்டைச்சீல் எழுதியது:

யாரும் பவுச் பற்றிப் பேசவில்லை, பொறுக்குகிறவர்கள்கூட விட்டுப்போவது அதைத்தான். வழக்கமான அமைப்பு: வெளியே 12 மைக்ரான் பெட், நடுவே 9 மைக்ரான் அலுமினியத் தாள், உள்ளே 60 மைக்ரான் பாலித்தீன், இடையில் பாலியூரிதேன் பசை. ஒரு சதுர மீட்டரில் பெட் 17 கிராம், அலுமினியம் 24, பாலித்தீன் 55, பசை ஐந்தாறு. மொத்தம் சுமார் 100 கிராம். மூன்று பொருளும் மூன்று வெப்பத்தில் உருகுபவை, ஒன்றோடொன்று கலக்காதவை. இதைப் பிரித்தெடுப்பது பொருளின் மதிப்பை விடச் செலவு.

மாற்று, ஒரே குடும்பப் பாலித்தீனில் முழு உறை. இழுத்து முறுக்கேற்றிய பாலித்தீன் 25 மைக்ரான் வெளியே, உள்ளே 80 மைக்ரான் படலம், அதற்குள் ஆக்சிஜனைத் தடுக்க எவோஹ் (எத்திலீன் வினைல் ஆல்கஹால்) அடுக்கு. படல உறைத் துறையின் ஐரோப்பியக் கூட்டமைப்பான செஃப்ளெக்ஸின் 2020 வழிகாட்டி, தடுப்பு அடுக்கு மொத்த எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எவோஹ் அடர்த்தி 1.19. 4 மைக்ரான் போட்டால் சதுர மீட்டருக்கு 4.8 கிராம், 100 கிராம் உறையில் வரம்புக்குள். 5 மைக்ரான் ஆக்கினால் கிட்டத்தட்ட 6 கிராம், வரம்பு போச்சு. "கொஞ்சம் பாதுகாப்புக்குக் கூட்டுவோம்" என்று கேட்பவர்கள் இதைத்தான் கெடுக்கிறார்கள். காற்றில் ஈரம் அதிகமானால் எவோஹ் தடுப்பை இழக்கும். அதனால் இருபக்கமும் பாலித்தீன் மூடியிருக்க வேண்டும்.

மாறும்போது சிக்கல் வருவது பொதியும் இயந்திரத்தில். பெட் 250 டிகிரி வரை உருகாது, அதனால் பழைய உறைக்கு சீல் போடும் தாடையை 160-170 டிகிரியில் வைத்து வேகமாக ஓட்டலாம். புதிய உறையின் வெளிப்பக்கமே 125-130 டிகிரியில் இளகும். அதே சூட்டில் ஓட்டினால் தாடையில் ஒட்டும், சீல் சுருங்கும், அச்சு விலகும். உள்பக்கம் 85-90 டிகிரியிலேயே ஒட்டத் தொடங்கும் பிளாஸ்டோமர் (மென்மையான பாலித்தீன் வகை) சேர்க்கணும், வெளியே வெப்பம் தாங்கும் வார்னிஷ் பூசணும், தாடைக்கு டெஃப்லான் துணி போடணும், சூட்டைக் குறைத்து அழுத்தும் நேரத்தைக் கூட்டணும். முதல் வாரம் வேகம் குறையும் என்று முன்னதாகவே உற்பத்திப் பிரிவிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "புது படலம் சரியில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

#11 உருகுநிலை எழுதியது:

அருமையான பதிவு. ஒன்று சேர்க்கிறேன்: ஒரே பொருள் உறை செய்தாலும் படலத்தைச் சேகரிக்கும் ஏற்பாடு அந்தப் பகுதியில் இல்லாவிட்டால் அதுவும் குப்பைமேட்டுக்குத்தான். "மறுசுழற்சிக்கு ஏற்றது" என்று அச்சிடுவதற்கு முன் அதை விசாரியுங்கள்.

#12 நெளிஅட்டை எழுதியது:

ஆன்லைன்ல பொருள் அனுப்புறவங்களுக்கு நான் சொல்றேன். பெட்டி பெரிசா எடுத்து உள்ள காத்துப் பை திணிக்கிறதுதான் முதல் வீண். பொருளுக்கு ஏத்த அளவுல மூணு நாலு பெட்டி வெச்சாலே நிரப்பு பாதியாகும்.

பெட்டி தாங்குமாங்கிற பயத்துல அஞ்சு அடுக்கு வாங்கிடறாங்க. மெக்கீ சூத்திரத்தைப் போட்டுப் பாருங்க: அழுத்த வலிமை = 5.87 × விளிம்பு நசுக்கு வலிமை × √(பெட்டிச் சுற்றளவு × அட்டைத் தடிமன்). விளிம்பு வலிமை மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், சுற்றளவு 1.2 மீட்டர், தடிமன் 4 மில்லிமீட்டர்னா சுமார் 2 கிலோநியூட்டன் வரும், அதாவது 200 கிலோ எடை. இதை அப்படியே நம்பக் கூடாது. ஈரம், நாள்பட அடுக்கி வெக்கிறது, கோணலா அடுக்கறது எல்லாத்துக்கும் சேர்த்து 4 அல்லது 5-ஆல வகுக்கணும். 40-50 கிலோ. மேல அடுக்கப்போறது அதுக்குக் கீழன்னா மூணு அடுக்கு தாராளம். காத்துல ஈரம் 90 சதவீதம் போனா அட்டை பாதி வலிமையை இழக்கும், மழைக்காலத்துல பெட்டிய தரையில வெக்காதீங்க.

டேப்: அழுத்தி ஒட்டற பிளாஸ்டிக் டேப்போட பசை கூழ்ல பிசுபிசுப்பாகி உருளைல ஒட்டும், புதுத் தாள்ல ஓட்டை விழும். தண்ணி தடவி ஒட்டற காகித டேப்ல இருக்கிறது மாவுப் பசை, கூழ்ல கரைஞ்சிடும். அதுல பொதுவா தப்பு போறது தண்ணி அளவு. கம்மியா தடவினா ஓரம் தூக்கும், அதிகமா தடவினா பசையே கழுவிப்போயிடும். ஒட்டினதும் கையால அழுத்தித் தேய்ங்க. தூசி படிஞ்ச பெட்டில ஒட்டாது.

#13 விதைப்பை எழுதியது:

எண் அச்சிடாத உறை கையில் வந்தால் என்ன ரெசின் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டா? எரித்துப் பார்ப்பது வேண்டாம்.

#14 உருகுநிலை எழுதியது:

எரிக்கவே கூடாது, பிவிசி புகை நுரையீரலைப் புண்ணாக்கும். தண்ணீர் போதும். ஒரு துண்டு வெட்டி, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்ட நீரில் முழுக அமுக்கி விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டி, மூழ்குவதும் மிதக்கும். மிதந்தால் பாலித்தீன் அல்லது பிபி (பாலிப்ரொப்பிலீன்). மூழ்கினால் அடுத்த தொட்டி: 100 மில்லி நீரில் 36 கிராம் உப்பு கரைத்தால் அடர்த்தி 1.2 ஆகும். அதில் பாலிஸ்டைரீன் மிதக்கும். பெட், பிவிசி, பிஎல்ஏ மூழ்கும். சுண்ணாம்புத்தூள் கலந்த பிபி முதல் தொட்டியிலேயே மூழ்கி ஏமாற்றும். நுரைத்த பொருளுக்கும் பல அடுக்குப் படலத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.

#15 விதைப்பை எழுதியது:

நன்றி. பாட்டில் மூடியைக் கழற்றித் தனியாகப் போட வேண்டுமா?

#16 உருகுநிலை எழுதியது:

கழற்ற வேண்டாம். தனியாகப் போட்ட மூடி சிறியது, பிரிக்கும் சல்லடையில் விழுந்து கழிவோடு போகும். பாட்டிலோடு வந்தால் இரண்டும் ஒன்றாக அரைபடும். மூடி பாலித்தீன் அல்லது பிபி என்பதால் கழுவும் தொட்டியில் மேலே மிதக்கும், பெட் அடியில் தங்கும், இரண்டும் தனித்தனியே விற்கும். ஐரோப்பாவில் 3 லிட்டர் வரையான பாட்டில்களுக்கு 2024 ஜூலை முதல் மூடி பாட்டிலோடு இணைந்தே இருக்க வேண்டும். உள்ளே மிச்சமிருப்பதைக் கொட்டிவிட்டு மூடிப் போடுங்கள். வைப்புத்தொகை இயந்திரத்தில் போடுவதானால் நசுக்காதீர்கள், பட்டைக்கோடு படிக்க முடியாமல் இயந்திரம் ஏற்காது.